புரட்டாசி, நாலு மணி

ஈப்போவில் குடை என்பது செருப்பு மாதிரி.
வீட்டை விட்டு இறங்கினால் கூடவே வரும்.
நாலு மணிக்குப் பள்ளிக்கூட மணியும் மழையும்
ஒன்றாக அடிக்கிற ஊர் அது.
பிள்ளைகள் புத்தகப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
லோங்காங்கைத் தாண்டிக் குதிப்பார்கள்.
யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை.

மதுரையில் ஐந்து நாளாக
மடக்கிய குடையோடு நடக்கிறேன்.
லாட்ஜ் பையன் கேட்டான்:
"வெயிலுக்கா அக்கா?"

குணசீலனுக்கு இடது கண்ணில் புரை.
அங்கேயே எடுத்திருக்கலாம்.
மதுரையில் கை சுத்தம், செலவும் பாதி என்று
கிள்ளானில் மூன்று பேர் சொன்னார்கள்.
தென்மேற்கு முடிந்துவிட்டது,
வடகிழக்கு இன்னும் தொடங்கவில்லை,
இடையில் போய்விட்டு வாருங்கள் என்றார்
டிக்கெட் போட்டவர்.

"பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பேயும்.
புரட்டாசிம்மா இது"
ஆட்டோ இருளாண்டி சொன்னபோது
நாங்கள் வந்து இறங்கிவிட்டோம்.
முதல் பாதி உண்மை.
கையில் வளையல் சுட்டது.

தினமும் மூன்றரைக்கு
ஆனைமலை முதுகுக்குப் பின்னால்
மேகம் எழுந்து நிற்கும்.
காற்று கொஞ்சம் மண்வாசம் கொண்டுவந்து காட்டிவிட்டு
சாம்பிள் முடிந்தது என்பதுபோல் திரும்பிவிடும்.
மொட்டைமாடியில் துணி காயப்போட்ட பெண்
எடுக்காமல் நின்றாள்.
எடுத்தால் மழை முறுக்கிக்கொண்டு போய்விடுமாம்.
எடுக்காமலும் போனது, மேலூர்ப் பக்கம்.

அப்புறம்தான் போன்கள்.
"உங்க பக்கம் பேயுதா?"
"ஆனையூர்ல தூத்தல்."
"வில்லாபுரத்துல சுள்ளுன்னு அடிக்குது."
"ஒத்தக்கடை வரைக்கும் வந்துச்சாம்,
பாலத்தத் தாண்டலயாம்."
வீட்டுக்கு வராமல் தெருவோடு போய்விட்ட
சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற குரல்.

ஆறாம் நாள் கட்டு அவிழ்த்து
கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள்.
ஒரு மாதம் கண்ணில் தண்ணீர் படக்கூடாது.
சீட்டில் எழுதி, வாயாலும் சொல்லி,
நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு
மறுபடியும் சொன்னாள்.
கோரிப்பாளையம் திரும்புவதற்குள்
மண்ணுருகும் பாதி வந்து இறங்கியது.

ஆட்டோ இருமி நின்றது.
ஜெராக்ஸ் கடைத் தகரத்துக்குக் கீழே
முப்பது பேர், ஒரு ஆடு, இரண்டு ஹெல்மெட்.
"கண் ஆபரேசன் ஆளு, உள்ள விடுங்கப்பா!"
யாரோ சத்தம் போட,
மெஷினை அணைத்துவிட்டு
தன் ஸ்டூலைத் தள்ளினாள் கடைக்காரப் பெண்.
ஆறு நாள் சும்மா சுமந்த குடையை
கடைக்குள்ளே விரித்து
அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.
யாரும் சிரிக்கவில்லை.
முழங்கை இடித்தவர்கூட
குடைக்கம்பிக்குக் குனிந்தார்.

குணசீலன் கண்ணாடியை ஓரமாகத் தூக்கினார்.
"இங்க மழை வெள்ளையா பெய்யுதே."
லென்ஸ் புதுசு என்று
நான் சொல்லவில்லை.

இருபதே நிமிடம்.
நின்றதும் பாதிப் பேர் வீட்டுக்குப் போகாமல்
பாலத்துக்குப் போனார்கள்.
நாங்களும் போனோம்.
வைகையில் ஆகாயத்தாமரைக்கு நடுவே
செம்மண் நிறத்தில் ஒரு ஓடை,
கணுக்கால் நனையும் அளவுக்கு.
வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து,
கம்பியில் சாய்ந்து பார்த்தார்கள்.
ஒருவர் மகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்.
எங்கள் வீட்டுப் பின்னால்
கிந்தா ஆறு கரை முட்டிப் போகும்.
அந்தப் பக்க ஜன்னலை
கொசுவுக்குப் பயந்து ஆணி அடித்துவிட்டோம்.

இருளாண்டி சிலைமானுக்குப் பேசினார்.
"ஒரு சொட்டு இல்லயா? சரி, வை."
கொஞ்ச நேரம் பிளக்கைத் துடைத்தார்.
பிறகு, பேச்சுக்குத்தான்:
"உங்க ஊர்ல பேயுதாம்மா?"

தெரியவில்லை.
அங்கே இரவு ஒன்பதாகியிருக்கும்.
மகளைக் கூப்பிட்டேன்.
பசியாறிட்டியா என்று கேட்கவில்லை,
அப்பா கண்ணைப் பற்றியும் சொல்லவில்லை.
"மழை பெய்யுதா அங்க?"

லைனில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அவளுக்குப் பின்னால்
தகரக்கூரையில் அது
கொட்டிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது.
அவளுக்குக் கேட்கவில்லை.

"ஏம்மா," என்றாள் பதறி,
"என்ன ஆச்சு?"